ஆசிரியர்க்கு ஆசிரியர்: பேராசிரியர் தௌலத் சிங் கோத்தாரி

பஞ்ச பரமேஷ்டிகளுள் நான்காம் இடத்தில் வைத்து நாம் நாள்தோறும் வணங்குபவர் உபாத்தியாயர். அவருக்குரிய குணங்கள் 25 என நம் ஆகம மரபு வகுத்துள்ளது. அந்த 25 எவை என்று எண்ணிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அங்கங்கள் 11, பூர்வங்கள் 14 ஆகிய இவற்றைக் கற்றுத் தெளிந்து பிறர்க்கு ஓதுவித்தலே அக்குணங்கள். கற்பிக்கும் திறம் தனியே ஒரு குணமாக எண்ணப்படவில்லை. கல்வி நிறைந்தவிடத்தில் கற்பித்தல் தானே அமையும் என்பது முன்னோர் துணிபு போலும். அக்கல்வியையும் அவர்கள் ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் செயலாகக் கருதவில்லை. சுவாத்தியாயத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர். தவம் என்றால் நாள்தோறும் செய்யவேண்டியது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

கற்பிப்பவர் கற்பதை நிறுத்தலாகாது என்னும் இக்கருத்துக்கு இந்திய நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நிலையான ஓர் ஏற்பாட்டைத் தேடிக்கொடுக்க முயன்றவர் சமணக் குடியில் தோன்றிய பேராசிரியர் தௌலத் சிங் கோத்தாரி அவர்கள். அவரை இயற்பியல் அறிஞர் என்று சிலர் அறிவர். கோத்தாரி கல்விக்குழுவின் தலைவர் என்று பலர் அறிவர். பணியிலிருக்கும் ஆசிரியர்கள் மேலும் கற்பதற்கு அவர் வகுத்த வழிகளை அறிந்தோர் குறைவு. ஆதலின் அப்பெருமகனாரின் வாழ்க்கையை அந்த நோக்கில் இவ்விதழில் எடுத்துரைக்க முற்படுகிறோம்.

இளமையும் ஆசான்களும்

கோத்தாரி அவர்கள் 1906ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் மேவார் அரசின் தலைநகரான உதயப்பூரில் பிறந்தார். தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். பணிவும் எளிமையும் நிறைந்த அக்குடும்பத்தில் செல்வம் பெரிதாக இருந்ததில்லை. தௌலத் சிங் சிறுவராயிருக்கும்போதே தந்தையார் மறைந்தார். அதன்பின் இந்தூரில் பள்ளிக் கல்வியைத் தொடர்ந்து, மீண்டும் உதயப்பூரில் இண்டர்மீடியட் வகுப்பை முடித்து, மேவார் அரசின் உதவித்தொகை பெற்று அலகாபாத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அலகாபாத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மேகநாத சாகா. விண்மீன்களின் வெப்பத்தில் அணுக்கள் எவ்வாறு மின்துகள்களாகப் பிரிகின்றன என்பதைக் கணக்கிட்டு 1920ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆயினும் அலகாபாத்தில் அவருக்கு ஆய்வுக்கருவிகள் போதவில்லை. வகுப்புச் சுமையோ மிகுதியாயிருந்தது. அந்நிலையிலும் கற்பித்தலோடு ஆராய்ச்சியையும் விடாமல் நடத்திய ஒருவரை அருகிலிருந்து காணும் பேறு கோத்தாரிக்குக் கிட்டியது. வகுப்பில் பாடம் சொல்லும் அதே மனிதர் மாலையில் தாமே ஒரு வினாவோடு போராடிக்கொண்டிருப்பதைக் காணும் மாணவன், கல்வி முடிந்துபோன பொருளன்று என்பதை வாய்மொழியின்றியே கற்றுக்கொள்கிறான்.

1928ஆம் ஆண்டில் முதுகலை அறிவியல் பட்டம் பெற்ற கோத்தாரி, 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரூதர்போர்டு பெருமகனார் அதன் தலைவராயிருந்த காலம் அது. கோத்தாரிக்கு வழிகாட்டியவர் ரால்ப் பவுலர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் அதே 1930ஆம் ஆண்டில் கப்பலேறிச் சென்று அதே பவுலரிடமே ஆய்வு மேற்கொண்டார் என்பது தமிழர்க்குச் சுவையான செய்தி.

1933ஆம் ஆண்டில் கோத்தாரி முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் 1930களில் அவர் நிறுவிய கோட்பாடு ஒன்றை இங்கே சுருங்கக் கூறுதல் தகும். அணுக்கள் வெப்பத்தால் சிதைவதை ஆசான் சாகா கணக்கிட்டார். மாணவர் கோத்தாரியோ, வெப்பமே இல்லாதவிடத்தும் மிகுந்த அழுத்தத்தினால் அணுக்கள் சிதையும் என்பதைக் கணக்கிட்டார். அக்கணக்கின்படி, குளிர்ந்த கோளம் ஒன்றில் பொருளை மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனால் அது எல்லையின்றிப் பெருக்காது. ஏறத்தாழ வியாழன் கோளின் அளவை எட்டியபின், சேரும் பொருளின் எடையாலேயே அது சுருங்கத் தொடங்கும். ஆசானின் கருத்தை அப்படியே ஒப்புவிக்காமல், அவர் விட்ட இடத்திலிருந்து ஓரடி முன்வைப்பதே மாணவன் செய்யும் கைம்மாறு என்பதற்கு இது நல்ல சான்று.

டில்லியில் ஆசிரியப் பணி

1934ஆம் ஆண்டில் கோத்தாரி டில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ரீடராகச் சேர்ந்து அதன் தலைமையை ஏற்றார். 1922ஆம் ஆண்டில் தோன்றிய அப்பல்கலைக்கழகம் அப்போது சிறியது. இயற்பியல் துறை அதனினும் சிறியது. 1961ஆம் ஆண்டு வரை அப்பல்கலைக்கழகமே அவருடைய இல்லமாயிற்று. அவர் கட்டி வளர்த்த துறை பின்னாளில் நாட்டின் முதன்மையான இயற்பியல் துறைகளுள் ஒன்றாக விளங்கியது.

இக்காலத்தில் அவர் கண்ட உண்மை ஒன்று பிற்காலப் பணிகளுக்கெல்லாம் வித்தாயிற்று எனலாம். நம் நாட்டில் மாணவருள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத் துறைகளில் பயில்வதில்லை. இணைவுபெற்ற கல்லூரிகளிலேயே பயில்கின்றனர். பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகம். தேர்வு நடத்துவதும் பல்கலைக்கழகமே. இடையில் நிற்கும் கல்லூரி ஆசிரியர் பிறர் வகுத்த பாடத்தைப் பிறர் நடத்தும் தேர்வுக்காகச் சொல்லிக்கொடுப்பவர் ஆகிவிடுகிறார். சிறிய ஊர்களின் கல்லூரிகளில் நூலகம் சிறிது, ஆய்விதழ்கள் வருவதில்லை, அதே துறையில் ஆழ்ந்து பேசத்தக்க துணையாசிரியர் ஒருவரோ இருவரோ இருப்பர். முதுகலைத் தேர்வெழுதிய நாளில் அவர் பெற்றிருந்த அறிவே ஓய்வுபெறும் நாள் வரை அவருக்கு முதலாகிறது.

அறிவியல் விரைந்து மாறிய காலமாதலின் இதன் விளைவு கடுமையாயிற்று. 1945ஆம் ஆண்டில் இயற்பியலில் பட்டம் பெற்று வந்த ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். திரான்சிஸ்டர் 1947ஆம் ஆண்டில் உருவாயிற்று. லேசர் 1960ஆம் ஆண்டில் வந்தது. அவர் பயின்ற நூல்களில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. உயிரியல் ஆசிரியர்க்கோ, மரபுப்பொருளின் இரட்டைச் சுருள் வடிவம் 1953ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டபோது, தாம் கற்றவற்றுள் பாதியை மீண்டும் புதிதாகக் கற்கவேண்டிய நிலை வந்தது. இது ஆசிரியரின் குற்றமன்று. அவர் கற்பதற்கு நாடு ஓர் ஏற்பாடும் செய்யவில்லை என்பதே குறை.

பள்ளி ஆசிரியராக விரும்புவோர்க்குப் பயிற்சிக் கல்லூரிகள் நெடுங்காலமாக இருந்தன. கல்லூரி ஆசிரியர்க்கு அவ்வாறான பயிற்சி எதுவும் கிடையாது. நேற்று மாணவராக இருந்தவர் இன்று விரிவுரையாளராகி நூறு மாணவர் முன் நிற்பார். பாடம் தெரிந்தவர்க்குப் பாடம் சொல்லவும் தெரியும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவருக்குத் துணை. உபாத்தியாயரைக் குறித்து நாம் மேலே கூறிய முன்னோர் துணிபுக்கு இது மாறன்று. கல்வி நிறைந்தவர்க்கே கற்பித்தல் தானாக அமையும் என்றனர் அவர்கள். பட்டம் பெற்றமையைக் கல்வியின் நிறைவாகக் கொண்டது நம் காலத்துப் பிழை.

அறச் சிக்கல் ஒன்று

1948ஆம் ஆண்டில் கோத்தாரி அவர்கள் இந்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகத்திற்கு அறிவியல் ஆலோசகராக நியமிக்கப்பட்டு, 1961ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பை வகித்தார். நாட்டின் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் பலவற்றிற்கு அடித்தளமிட்டவர் அவரே. அஹிம்சையை முதல் விரதமாகக் கொண்ட குடியில் பிறந்தவர் படைக்கலத் துறைக்கு அறிவுரை கூறலாமோ என்னும் வினா நம்முள் எழுவது இயல்பு. இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தில் தற்காப்பின்பொருட்டு நேரும் விரோதி ஹிம்சையை நம் நூல்கள் வேறுபடுத்திக் கூறியுள்ளமையை அறிந்தோர்க்கு இவ்வினாவின் கடுமை ஓரளவு குறையும், முற்றிலும் நீங்காது. நாமும் அதனை நீக்கிவிட முயலவில்லை.

அப்பொறுப்பில் இருந்தபோதே அவர் செய்த பணி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. 1954ஆம் ஆண்டில் பசிபிக் கடலில் நிகழ்ந்த நீரகக் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் சப்பானிய மீனவரைத் தாக்கியபின், உலகெங்கும் அச்சம் பரவிற்று. அணுகுண்டு வெடிப்புகளால் மாந்தர்க்கும் பிற உயிர்களுக்கும் நேரும் கேடுகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து, கோத்தாரி அவர்களும் உடன் அறிஞர்களும் 1956ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிரதமர் நேரு அதற்கு முன்னுரை வழங்கினார். அந்நூல் பிற நாட்டு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. அழிக்கும் ஆற்றலை அறிந்தவரே அதன் அழிவை உலகுக்கு அளந்து காட்டவும் கடமைப்பட்டவர் என அவர் கருதினார் என்பதற்கு இந்நூலே சான்றாகும்.

மானியக் குழுவின் தலைமை

1961ஆம் ஆண்டில் கோத்தாரி அவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார்; 1973ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்தார். விடுதலைக்குப் பின் கல்லூரிகள் பெருகிக்கொண்டிருந்தன. மாணவர் பெருகினர், ஆசிரியரும் பெருகினர். கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் கேட்போர் பலர். இருக்கும் பணமோ குறைவு. அதனை எல்லார்க்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளித்தால் எவர்க்கும் பயனில்லை. சிலர்க்கே குவித்துக் கொடுத்தால் பலர் வாடுவர். இந்த இருதலைச் சிக்கலை அவர் தீர்க்க முயன்ற விதத்திலேதான் அவருடைய தனித்தன்மை விளங்குகிறது.

முதற்படியாக 1963ஆம் ஆண்டில் உயராய்வு மையங்கள் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு துறையில் ஏற்கெனவே நல்ல அறிஞர் குழு அமைந்திருக்கும் பல்கலைக்கழகத் துறையைத் தேர்ந்து, அதற்குப் பேராசிரியர் பதவிகள், ஆய்வுதவித்தொகைகள், நூலகம், கருவிகள் ஆகியவற்றை அளித்து, அதனை உலகத் தரத்துக்கு உயர்த்துவது நோக்கம். மாநிலத்துக்கு ஒன்று என்னும் பங்கீடு அங்கே இல்லை, தகுதியே அளவுகோல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை, கோ. நா. இராமச்சந்திரன் அவர்களின் படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறை, தி. மா. ப. மகாதேவன் அவர்களின் தத்துவத் துறை ஆகியன இவ்வாறு உயர்ந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும், பரங்கிப்பேட்டையில் அமைந்த கடல் உயிரியல் மையமும் இத்திட்டத்தால் வளம் பெற்றவையே.

இம்மையங்கள் தம் மதிலுக்குள் மட்டும் விளக்கேற்றிக்கொள்வதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. பிற பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் அங்கே வந்து தங்கி, அறிஞரோடு பழகிக் கற்று, தத்தம் ஊருக்குத் திரும்பிச் செல்லவேண்டும் என்பது திட்டத்தின் பிற்பாதி. உயரத்தில் நீர் தேக்கினால்தான் வாய்க்கால் வழியே கடைமடைக்கும் பாயும். தேக்குவதும் பாய்ச்சுவதும் ஒரே வேலையின் இரு பகுதிகள்.

கோடைப் பயிலரங்குகள்

வாய்க்கால்களுள் முதன்மையானவை கோடைக்காலப் பயிலரங்குகள். 1963ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பள்ளி அறிவியல் ஆசிரியர்க்காக இவை தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் கல்லூரி ஆசிரியர்க்கும் விரிந்தன. மானியக் குழுவுடன் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவும், அமெரிக்க நாட்டு உதவி நிறுவனமும் இதில் பங்கு கொண்டன. வெளிநாட்டுப் பேராசிரியர் சிலர் தொடக்க ஆண்டுகளில் உடனிருந்து உதவினர்.

கோடை விடுமுறையில் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் ஒரு பல்கலைக்கழகத்தில் பல வாரங்கள் கூடுவர். அவர்கள் தங்குவது மாணவர் விடுதியில், உண்பதும் அங்கேயே. நேற்று வரை மேடையில் நின்றவர்கள் இங்கே மாணவர் இருக்கையில் அமர்வர். விரிவுரை கேட்பதோடு ஆய்வுக்கூடத்தில் தாமே கைப்படச் சோதனை செய்வர், கணக்குகளைத் தீர்ப்பர், தீராதவற்றை ஒருவரோடு ஒருவர் வாதிட்டுப் பார்ப்பர். தத்தம் கல்லூரியில் தனித்திருந்தவர்க்கு, தம்மைப் போன்றே தடுமாறும் பிறரும் உளர் என்பதும், கேட்டால் சொல்வதற்கு அறிஞர் உளர் என்பதும் தெரியவருவதே பெரிய ஊதியம்.

நம் தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தின் கூறுகளாக ஐந்தைச் சொல்கிறது. ஓதுதல், ஐயம் வினவுதல், சிந்தித்தல், திரும்ப உருப்போடுதல், பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பன அவை. கல்லூரி ஆசிரியரின் வாழ்வில் கடைசிக் கூறு நாள்தோறும் நிகழ்கிறது; முதலாவது ஓரளவு நிகழ்கிறது. இரண்டாவதான ஐயம் வினவுதல், பதவி ஏற்ற நாளிலேயே நின்றுபோகிறது. வினவுதற்கு ஆள் இல்லை. இருப்பினும் வினவ நாணம். அந்த நாணத்தைப் போக்கி, ஆசிரியரை மீண்டும் வினவுவோராக்கியதே இப்பயிலரங்குகளின் உண்மையான பயன் என்று நாம் கருதுகிறோம்.

எனினும் ஒரு குறை தென்பட்டது. பயிலரங்கில் புதியன கற்றுத் திரும்பிய ஆசிரியர் தம் கல்லூரியில் பழைய பாடத்திட்டத்தையும் பழைய கருவிகளையுமே கண்டார். கற்றதை நடத்திக் காட்ட இடமின்றி, சில திங்களில் எழுச்சி தணிந்தது. இதனைப் போக்கும் பொருட்டு 1970ஆம் ஆண்டையொட்டிக் கல்லூரி அறிவியல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. தனி ஆசிரியரைப் பயிற்றுவதோடு நில்லாமல், கல்லூரியின் ஆய்வுக்கூடம், நூலகம், பாடமுறை, ஆசிரியர் அனைவரையும் ஒருங்கே உயர்த்துவது இதன் நோக்கம். ஆசிரியர் மட்டும் மாறினால் போதாது. அவர் திரும்பிச் செல்லும் இடமும் மாறவேண்டும் என்னும் பாடம் இன்றைக்கும் மறக்கத்தகாதது.

கல்விக்குழுவின் அறிக்கை

1964ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்திய அரசு ஒரு கல்விக்குழுவை அமைத்து, அதன் தலைமையைக் கோத்தாரி அவர்களிடம் ஒப்படைத்தது. ஜே. பி. நாயக் அவர்கள் உறுப்பினர்-செயலராக இருந்தார். உறுப்பினர் 17 பேர். பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு, சோவியத் ஒன்றியம், சப்பான் ஆகிய நாடுகளின் அறிஞரும் அவருள் இருந்தனர். காந்தியடிகள் பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று பணியைத் தொடங்கிய குழு, நாடு முழுவதும் சுற்றி ஆயிரக்கணக்கானோரைக் கண்டு உசாவி, 1966ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் அறிக்கையை அமைச்சர் எம். சி. சாக்ளா அவர்களிடம் அளித்தது. தொடக்கப்பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியின் எல்லாப் படிகளையும் ஒருசேர நோக்கிய அறிக்கை அது. 10 ஆண்டுப் பள்ளிக் கல்வி, நாட்டு வருவாயில் 6 விழுக்காடு கல்விக்கு ஒதுக்குதல் ஆகிய பரிந்துரைகளைப் பலரும் அறிவர்.

உயர்கல்வி ஆசிரியரைக் குறித்த பகுதி அவ்வளவு பேசப்படவில்லை. புதிதாகப் பணியேற்கும் விரிவுரையாளர் மீது உடனே முழு வகுப்புச் சுமையை ஏற்றாமல், கல்லூரியின் சூழலை உணர்ந்துகொள்ளச் சிறிது காலம் தரவேண்டும். நன்கு கற்பிக்கும் மூத்த ஆசிரியரின் வகுப்புகளில் அவர் அமர்ந்து கேட்கும்படி ஊக்கவேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும், இயன்றால் ஒவ்வொரு கல்லூரியும், புதிய ஆசிரியர்க்கு முறையாக அறிமுகப் பயிற்சி நடத்தவேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களிலோ, பல்கலைக்கழகங்கள் பல கூடியோ, இப்பயிற்சிக்கென ஆசிரியப் பணியாளர் கல்லூரி ஒன்றை நிலையாக நிறுவவேண்டும். இவையே அப்பகுதியின் சாரம். பள்ளி ஆசிரியரும் தம் பணிக்காலத்தில் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் இரண்டு அல்லது மூன்று திங்கள் பயிற்சி பெறவேண்டும் என்று அறிக்கை கூறியது.

இவற்றுள் ஒன்றையாவது பெருஞ்செலவு பிடிப்பது என்று கூற இயலாது. மூத்தவர் வகுப்பில் இளையவர் அமர்ந்து கேட்பதற்கு ஒரு நாற்காலி போதும். ஆயினும் நம் கல்லூரிகளில் இன்றளவும் மிக அரிதாக நிகழ்வது அதுவே. மூத்தவர்க்குத் தம் வகுப்பில் மற்றோர் ஆசிரியர் அமர்வது உவப்பாக இருப்பதில்லை; இளையவர்க்கு அவ்வாறு அமர்வது தகுதிக்குறைவாகப் படுகிறது. பணத்தால் வாங்க முடியாத ஒன்றைக் குழு கேட்டது. அதனாலேயே அது எளிதில் நிறைவேறவில்லை போலும்.

21 ஆண்டுகளுக்குப் பின்

அறிக்கையை ஒட்டி 1968ஆம் ஆண்டில் தேசியக் கல்விக் கொள்கை வகுக்கப்பட்டது. ஆசிரியப் பணியாளர் கல்லூரிகளோ உடனே தோன்றவில்லை. 1986ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கைக்குப் பின்னரே, 1987ஆம் ஆண்டு முதல் மானியக் குழு கல்விசார் பணியாளர் கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்களில் நிறுவியது. அறிக்கை அளித்து 21 ஆண்டுகள் கடந்திருந்தன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. புதியவர்க்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், அனுபவம் பெற்றவர்க்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சியும் நடைபெற்றன. 2015ஆம் ஆண்டில் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023ஆம் ஆண்டில் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் பெற்றன. இணையவழிப் பயிற்சிகளும் சேர்ந்துள்ளன.

விதை மரமாயிற்று என மகிழலாம். ஆனால் மரத்தின் கனி எத்தகையது என்றும் நாம் கேட்கவேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஊதிய உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் இப்பயிற்சிகள் கட்டாயமாக்கப்பட்டன. இதனால் பயிற்சிக்கு வராதவரும் வந்தனர், அது நன்மை. கற்கும் வேட்கையின்றிச் சான்றிதழ் ஒன்றையே நாடி வருவோரும் பெருகினர், அது தீமை. வருகைப்பதிவேட்டில் கையெழுத்திட்டவரெல்லாம் வகுப்பில் இருந்தவராகார் என்பதைப் பயிற்சி நடத்துவோரும் அறிவர், பெறுவோரும் அறிவர். விரதத்தைப் பிறர் காண நோற்பவர்க்கு நிர்ஜரை இல்லை என்பது நமக்குத் தெரிந்ததே. கற்றலுக்கும் அது பொருந்தும்.

கட்டாயம் வேண்டாமெனில் ஒருவரும் வாரார். கட்டாயம் வைத்தால் உள்ளம் வாராது. இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. ஆயினும் கோத்தாரி அவர்களின் திட்டங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. அவர் பயிற்சியைத் தனியாக நிறுத்தவில்லை. கற்பிக்கத் தக்க அறிஞரை உயராய்வு மையங்களில் திரட்டினார். அவரிடம் கற்கக் கல்லூரி ஆசிரியரைக் கோடையில் அழைத்தார். திரும்பிச் செல்லும் கல்லூரியையும் செப்பனிட்டார். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் சான்றிதழ் கல்வியாகும். நடுவிலுள்ள ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால் எஞ்சுவது வருகைப்பதிவேடே.

பிற்காலமும் அநேகாந்தமும்

1973ஆம் ஆண்டில் மானியக் குழுவிலிருந்து விலகியபின்னும் அவர் ஓயவில்லை. 1962ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருதும், 1973ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருதும் அவரை அடைந்தன. இந்திய ஆட்சிப்பணித் தேர்வுகளைச் சீர்திருத்த அமைந்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கி 1976ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் வழியே, 1979ஆம் ஆண்டு முதல் அத்தேர்வு மூன்று கட்டங்களாக நடைபெறுவதாயிற்று. இந்திய மொழிகளில் அத்தேர்வை எழுதும் வாய்ப்பும் விரிவடைந்தது. 1961ஆம் ஆண்டில் தோன்றிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் முதல் தலைவரும் அவரே. தாய்மொழியில் அறிவியல் கற்பிக்க ஆசிரியர்க்குச் சொல்வளம் வேண்டும் என்பதில் அவர் கொண்டிருந்த கருத்து இதனால் விளங்கும். சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் அவர் விளங்கினார்.

முதுமையில் அவர் சிந்தனை அறிவியலும் ஆன்மவியலும் சந்திக்கும் இடத்தை நாடியது. அணுவும் ஆன்மாவும் என்னும் பொருள்பட அவர் எழுதினார். ஒளி அலையாகவும் துகளாகவும் தோன்றுவதை விளக்க நீல்ஸ் போர் 1927ஆம் ஆண்டில் கூறிய நிரப்புத் தத்துவத்தை, நம் சியாத்வாதத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை, போரின் நூற்றாண்டையொட்டி 1985ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பு நூலில் இடம்பெற்றது. ஒரு பொருளை ஒரு கோணத்தில் நின்று கூறும் கூற்று அக்கோணத்தளவில் உண்மையே, முழுமையன்று. இதனைச் சமணர் பெருமைக்காகக் கூறாமல், உலக அறிஞர் அவையில் வாதத்துக்குரிய கருத்தாக அவர் முன்வைத்தார். அப்போது அவருக்கு அகவை 80ஐ நெருங்கியிருந்தது. பிறரைக் கற்கச் சொன்னவர் தாமும் இறுதிவரை கற்றுக்கொண்டிருந்தார்.

1993ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் செய்ப்பூரில் அவர் உலக வாழ்வை நீத்தார். 2011ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

நாம் கொள்ளத்தக்கது

அநேகாந்தத்தை அறிந்த ஆசிரியர், தாம் அறிந்தது ஒரு பக்கமே என்பதை உணர்வார். உணர்ந்தவர் மறுபக்கத்தை நாடுவார். ஆகவே கற்றலை நிறுத்துதல் ஆசிரியர்க்கு வெறும் சோம்பல் அன்று. தாம் கண்டதே முழுமை என்று கொள்ளும் ஏகாந்தம் அது. கோத்தாரி அவர்கள் நாட்டுக்கு விட்டுச்சென்ற பயிற்சி மையங்களையும் திட்டங்களையும் அரசு பேணட்டும், திருத்தட்டும். நம் கையில் உள்ளது வேறு.

நம் சமூகத்தில் கல்லூரிகளில் பணிபுரியும் ஆசிரியர் பலர் உளர். இவ்விதழைப் படிக்கும் அவர்கள், வரும் கல்வியாண்டில் தம்மினும் நன்கு கற்பிக்கும் ஒருவரின் வகுப்பில் ஒரு நாளேனும் அமர்ந்து கேட்பார்களாக. தம் வகுப்பின் கதவையும் ஓர் இளைய ஆசிரியர்க்குத் திறந்து வைப்பார்களாக. 1966ஆம் ஆண்டு முதல் காத்திருக்கும் பரிந்துரை இது. இதற்கு அரசாணை வேண்டுவதில்லை, மானியமும் வேண்டுவதில்லை. ஞான தானம் செய்யும் பேறு பெற்றோர், அத்தானத்தை ஏற்கும் பணிவையும் பெறுவாராயின் உபாத்தியாயர் என்னும் பெயர் அவர்பால் நிலைபெறும்.